வாரம் ஒரு மாத்திரை தினமும் ஒன்றாக மாறியது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான். அம்மாவுக்கு 61 வயது, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம். டாக்டர் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறையும் ஃபோலிக் ஆசிட்டை மற்ற நாட்களிலும் போடச் சொல்லி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டும் இடம் மாறி, மெத்தோட்ரெக்ஸேட்டை ஒன்பது நாள் தினமும் போட்டுவிட்டார். வாய் முழுக்கப் புண், காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சரிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். "தப்பு டாக்டர் மேலா, மெடிக்கல் ஷாப் மேலா, எங்கள் மேலா? இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்வது?"

நான் ஆஸ்பத்திரி பார்மசியில் வேலை பார்ப்பவன். அம்மா தேறி வந்தது சாதாரண விஷயம் இல்லை, இதே தவறில் பிழைக்காமல் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த கூத்தும் இல்லை இது. மருந்துத் தவறுகளைத் தொகுத்து ஆராயும் அமெரிக்காவின் ஐஎஸ்எம்பி அமைப்பு, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் செய்ய வேண்டியவை என்று 2014-ல் முதன்முதலாக ஒரு பட்டியல் போட்டபோதே, மெத்தோட்ரெக்ஸேட் தினமும் போய்விடாமல் தடுப்பதை அதில் சேர்த்தது. ஐரோப்பிய மருந்து ஆணையம் 2019-லும், பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-லும் இதற்காகவே தனி நடவடிக்கைகள் அறிவித்தன. எந்தக் கிழமை போட வேண்டும் என்று எழுதிக்கொள்ள நோயாளி கையில் ஒரு அட்டை தர வேண்டும் என்ற அளவுக்குப் போனார்கள். படித்தவர்கள், நர்ஸுகள், ஏன், ஆஸ்பத்திரி வார்டுகளே சறுக்கிய இடம் இது. அதனால் முதலில் அம்மாவைத் திட்டுவதை நிறுத்துங்கள்.

மெத்தோட்ரெக்ஸேட் அடிப்படையில் புற்றுநோய் மருந்து. செல்கள் பெருகுவதற்கு ஃபோலேட் என்ற வைட்டமின் வேண்டும், அதைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை. முடக்குவாதத்துக்கு வழக்கமாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். வாரத்தில் ஒரு நாள் போட்டால் மீதி ஆறு நாளில் உடம்பு சுதாரித்துக்கொள்ளும். தினமும் போட்டால் சுதாரிக்க நேரமே கிடைக்காது. வேகமாகப் பெருகும் செல்கள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் அடி விழும்: வாயின் உள்தோல், குடல், எலும்பு மஜ்ஜை. வாய்ப்புண் முதலில் வருவது இதனால்தான். இந்த மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது என்பதால், வயதானவர்களுக்கும் கிரியாட்டினின் கூடுதலாக இருப்பவர்களுக்கும் ஆபத்து பல மடங்கு. யார் வீட்டிலாவது இப்படி நடந்தது தெரிந்தால், "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்காதீர்கள், ரத்த அணுக்கள் சில நாள் கழித்தும் சரியலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று அட்டையோடு காட்டுங்கள். இதன் நச்சை முறிக்க லூகோவோரின் என்ற மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வீட்டில் இருக்கும் ஃபோலிக் ஆசிட்டைக் கூடுதலாகப் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, எப்படி நடந்தது? உங்கள் வீட்டு அலமாரியை நான் பார்க்கவில்லை, ஆனால் நம் ஊரில் இது வழக்கமாக நடக்கும் விதம் தெரியும். மெத்தோட்ரெக்ஸேட்டின் பிரபலமான பிராண்டுகளில் ஒன்று ஃபோலிட்ராக்ஸ். ஃபோலிக் ஆசிட்டின் பிரபலமான பிராண்டு ஃபோல்வைட். ஒன்று ஃபோலேட்டைத் தடுக்கும், மற்றது ஃபோலேட்டைக் கொடுக்கும், ஆனால் பெயர் இரண்டும் "ஃபோல்" என்றுதான் தொடங்குகிறது. மாத்திரையைப் பார்த்தாலும் இரண்டுமே பெரும்பாலும் சின்னதாக மஞ்சளாக இருக்கும். சீட்டில் கிறுக்கலாக எழுதி, கடையில் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை மட்டும் கொடுத்து, பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டால், வீட்டில் இருப்பவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இன்னொரு காரணத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம் ஊர் சீட்டு முறையே காலை, மதியம், இரவு என்ற மூன்று கட்டம்தான். 1-0-1, 1-0-0, 0-0-1. கடையில் தரும் சின்னக் கவரிலும் அதே மூன்று கட்டத்தில்தான் டிக் அடிக்கிறார்கள். வாரம் என்பதற்கு அதில் இடமே இல்லை. வாரம் ஒருமுறை மருந்தை யாராவது 1-0-0 என்று எழுதிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "வாரம் ஒன்று" என்று போட்டால், கண் அந்த 1-0-0-வைத்தான் பிடிக்கும். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரையும் இதே பள்ளத்தில்தான் விழுகிறது. வாரம் ஒன்று போட வேண்டியதைத் தினமும் போட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக அட்மிட் ஆகிறவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின்தானே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராமும் வாரம் ஒன்றுதான்.

"யார் மேல் தப்பு" என்ற கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி பொறுப்பு யாருக்கு என்பது ஒரு விஷயம், அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் ஒருவரைப் பிடித்துத் தண்டித்தால் அடுத்த தவறு நின்றுவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2017 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஸ்கேன் எடுக்கும் முன் பதற்றம் குறைய 75 வயதுப் பெண்மணிக்கு வெர்செட் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நர்ஸ் ரடோண்டா வாட் மருந்து அலமாரி இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினார். இயந்திரம் அந்த மருந்தைக் கம்பெனி வைத்த பெயரில் இல்லாமல், மிடசோலாம் என்ற மூலப் பெயரில் வைத்திருந்ததால் வெர்செட் வரவில்லை. கட்டுப்பாட்டைத் தாண்டிப் போகும் வசதியைப் பயன்படுத்தியதும் அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் வெக்குரோனியம் வந்தது. தசைகளை முடக்கி மூச்சை நிறுத்தும் மருந்து அது. மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது, வெர்செட் திரவம், இதுவோ கரைக்க வேண்டிய தூள். எல்லாவற்றையும் தாண்டி ஊசி போய்விட்டது, ஸ்கேன் பகுதியில் பார்கோடு சரிபார்க்கும் கருவியும் இல்லை. அந்த அம்மா இறந்துபோனார். 2022-ல் நர்ஸைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள்.

நர்ஸ் மேல் தவறே இல்லை என்று நான் வாதாடவில்லை, அத்தனை எச்சரிக்கையையும் பார்க்காமல் போனது பெரிய தவறுதான். ஆனால் இந்தச் சாவு அரசுக் கண்காணிப்பாளர்களுக்கு உடனே தெரியவரவில்லை, 2018-ல் பெயர் சொல்லாத ஒருவர் தகவல் கொடுத்த பிறகுதான் விசாரணை வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தவறை ஒப்புக்கொண்ட ஆளுக்குக் கேஸ், மூடிவைத்த இடம் தப்பித்துக்கொள்ளும் என்றால் அடுத்த முறை யார் வாயைத் திறப்பார்கள்? உண்மையில் உயிரைக் காப்பது வேறு மாதிரியான மாற்றம்: இயந்திரத்தில் குறைந்தது ஐந்து எழுத்துத் தட்டினால்தான் மருந்து பெயர் வரும்படி வைக்க வேண்டும் என்று ஐஎஸ்எம்பி சொல்கிறது. கேட்க அற்பமாக இருக்கும். "கவனமாக இருங்கள்" என்று சுவரில் ஒட்டும் நூறு நோட்டீஸைவிட இது அதிகம் சாதிக்கும்.

இதே வகையில் இன்னும் இரண்டு சொல்கிறேன், எனக்குப் பிடித்தவை. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பூல், பார்த்தால் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பூல் போலவே இருக்கும். நீர்க்கச் செய்யாமல் அதை ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நல்ல ஆஸ்பத்திரிகள் நர்ஸுகளுக்கு வகுப்பெடுப்பதோடு நிற்கவில்லை, அந்த ஆம்பூலை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கையெட்டும் இடத்தில் இல்லாததைக் கைதவறி எடுக்க முடியாது. இன்னொன்று வின்கிறிஸ்டின், ரத்தப் புற்றுநோய்க்கு ரத்தக் குழாயில் போடுவது. தண்டுவடத்தில் போட்டுவிட்டால் பெரும்பாலும் சாவுதான், உலகம் முழுக்கப் பலமுறை நடந்திருக்கிறது. சிரிஞ்சில் கொடுப்பதற்குப் பதில் சின்ன டிரிப் பையில் கலந்து கொடுத்தால், முதுகில் போடத் தயாராக நிற்கும் டாக்டர் பையைப் பார்த்ததுமே இது முதுகுக்கு இல்லை என்று தெரிந்துவிடும். மெத்தோட்ரெக்ஸேட்டுக்கும் பிரிட்டனில் இப்படி ஒரு வழி செய்தார்கள். 2.5 மில்லிகிராம் மாத்திரையை மட்டும் பயன்படுத்துங்கள், 10 மில்லிகிராம் மாத்திரையைக் கலக்காதீர்கள் என்று. இரண்டையும் வைத்திருந்தால் மாறும்போது நேராக நான்கு மடங்கு உள்ளே போகும். நம் கடைகளில் 2.5, 5, 7.5, 10, 15 என்று எல்லாப் பவரும் கிடைக்கிறது. வசதிதான், ஆபத்தும் அதில்தான்.

பெயர் விஷயத்தில் நாம் இன்னும் மெத்தனம். சிறுநீர் பிரியக் கொடுக்கும் லாசிக்ஸோடு குழம்புகிறது என்று 1990-லேயே அமெரிக்காவில் வயிற்று அமில மருந்தான லோசெக்கின் பெயரைப் பிரிலோசெக் என்று மாற்றினார்கள். இங்கே உச்ச நீதிமன்றம் 2001-ல், ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்ற இரண்டு மலேரியா மருந்துகளின் வழக்கில், மருந்துப் பெயர்களுக்குச் சாதாரணச் சரக்கைவிடக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. ஆனாலும் கடை ரேக்கைப் பாருங்கள், ஒரே எழுத்தில் தொடங்கி ஒரே மாதிரி முடியும் பெயர்கள் வரிசையாக நிற்கும்.

இனி வீட்டில் என்ன செய்வது. என்னிடம் கேட்டால் ஒன்றே ஒன்றைத்தான் முதலில் சொல்வேன்: ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள். டாக்டரிடமே கேட்டு, சீட்டில் பக்கத்திலேயே "மூட்டுக்கு", "பிரஷருக்கு", "தைராய்டுக்கு" என்று தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மருந்து எடுத்துக் கொடுக்கும் எனக்கு உங்கள் நோய் தெரியாது. சீட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், கிறுக்கலைப் படித்து ஊகிப்பதுதான் வழி. "பிரஷருக்கு" என்று ஒரு வார்த்தை இருந்தால், பெயர் ஒத்த சர்க்கரை மாத்திரை என் கைக்கு வரும்போதே உறுத்தும். உங்களுக்கும் அப்படித்தான், "இது மூட்டுக்கு, திங்கள் மட்டும்" என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் செவ்வாய்க்கிழமை கை தானாக நின்றிருக்கும். டாக்டர்கள் மூலப் பெயரில், படிக்கும்படி, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி திருத்தியிருக்கிறது, ஆனால் எதற்கு என்று எழுதும் பழக்கம் இன்னும் வரவில்லை. நீங்களே எழுதிக்கொண்டால் யாரும் தடுக்கப் போவதில்லை.

வார மாத்திரையைத் தினசரி டப்பாவில் போடவே போடாதீர்கள். தனி டப்பா, மேலே கிழமை பெரிதாக, முடிந்தால் வேறு அறையில், வேறு ஆள் பொறுப்பில். ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். அப்புறம், சளி, யூரின் தொற்று என்று வேறு டாக்டரிடம் போனால் மெத்தோட்ரெக்ஸேட் போடுவதைச் சொல்லுங்கள், கோ-ட்ரைமாக்சசோல் சேர்ந்தால் அளவு சரியாக இருந்தாலும் மஜ்ஜை அடிவாங்கும். செப்ட்ரான், பாக்ட்ரிம் எல்லாம் அதுதான்.

மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டுப் பார்த்தால், நான் அதிகம் பயப்படுவது ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் நாளைத்தான். வீட்டில் ஏற்கெனவே சர்க்கரைக்கு கிளைக்கோமெட் ஜிபி இருக்கும். ஆஸ்பத்திரியில் அமரில் எம் எழுதிக் கொடுப்பார்கள். பெயர் வேறு, கம்பெனி வேறு, ஆனால் உள்ளே இரண்டிலும் அதே மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும்தான். "டாக்டர் புதுசா எழுதினது, பழசும் டாக்டர் எழுதினதுதானே" என்று இரண்டையும் போடுவார்கள், ராத்திரி சர்க்கரை தரைக்கு இறங்கும். டிஸ்சார்ஜ் அன்று பழைய மாத்திரைப் பையை அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டி, எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். டாக்டருக்கு நேரம் இல்லை என்றால் வார்டு பார்மசிஸ்டிடம் கேளுங்கள், அது எங்கள் வேலைதான். அரசு ஆஸ்பத்திரியில் தரும் அட்டையில் மூலப் பெயர்தான் பெரிதாக இருக்கும், அந்தப் பெயரை வைத்துத் தனியார் கடை அட்டையோடு ஒப்பிட்டால் இரட்டிப்பு உடனே தெரிந்துவிடும்.

இன்சுலின் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். நம் நாட்டில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட், சில குப்பிகளும் 100 யூனிட்டில் வருகின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. நூறு யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் பத்துக் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது பத்து இல்லை, இருபத்தைந்து. பேனா ஊசி தீர்ந்துவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் இழுத்துப் போடுகிறவர்கள் இப்படித்தான் மாட்டுகிறார்கள். குப்பி வாங்கும்போதே சிரிஞ்சையும் சேர்த்து வாங்கி, இரண்டிலும் அதே எண் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே பாருங்கள்.

குழந்தைக் காய்ச்சல் மருந்திலும் இதே கதை. பாராசிட்டமால் டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம், சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 அல்லது 250. "அஞ்சு மில்லி கொடு" என்று சிரப்புக்குச் சொன்னதை டிராப்ஸில் கொடுத்தால் 120 போக வேண்டிய இடத்தில் 500 போகும். பாட்டிலோடு வரும் அளவு மூடி, டிராப்பரைத் தவிர வேறு எதிலும் அளக்காதீர்கள், வீட்டு ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு. இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் அசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என்று வருகிறது, ஒரு நாள் 2, மறுநாள் 3 என்று மாற்றிப் போடச் சொல்வதும் உண்டு. அங்கே காலண்டரில் எழுதிவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

கடையில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். மாத்திரையை வாங்கியதும் சீட்டில் உள்ள பெயர், பவர், அட்டையில் உள்ள பெயர், பவர் ஒன்றா என்று பாருங்கள். "அதே மருந்துதான், வேற கம்பெனி" என்றால் மூலப் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகளில் எழுதியதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்கக்கூடாது என்றுதான் விதி, நடைமுறை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். அட்டையை வெட்டித் தந்தால் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கத்தைக் கேளுங்கள், கிடைக்கவில்லை என்றால் முழு அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுப்பவர் பார்மசிஸ்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக் கூட்டத்தில் கேட்டால் முறைப்பார்கள்தான், அதனால் மாதாந்திர மருந்தைக் காலையில் போய் வாங்குங்கள்.

இதைப் படிக்கும் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெத்தோட்ரெக்ஸேட்டை ஃபோலிக் ஆசிட் இருக்கும் ரேக்கிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். கவரில் மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்துவிட்டுக் கிழமையை எழுதுங்கள். கொடுக்கும்போது "எப்படிப் போடுவீங்க?" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள், "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். தினமும் என்று சீட்டில் இருந்தால் டாக்டருக்குப் போன் போடாமல் கொடுக்காதீர்கள், அவர் எரிந்து விழுந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக உங்கள் விஷயம். சீட்டில் வாரம் என்று இருந்ததா, கவரில் என்ன டிக் அடித்திருந்தார்கள், பில்லில் எந்த மருந்து எத்தனை எண்ணிக்கை என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எந்த இடத்தில் திரும்பியது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மாதம் நான்கு மாத்திரைக்குப் பதில் முப்பது கொடுத்திருந்தால் கடையிலேயே நின்றிருக்க வேண்டியது அது. எழுதியதே தவறு என்றால் டாக்டரிடம் நேரில் பேசுங்கள், கடை மேல் என்றால் உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம், நஷ்டஈடு வேண்டுமானால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இது எதுவும் வேண்டாம் என்று தோன்றினாலும், இந்திய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024-க்குச் சொல்லிவிடுங்கள். அதற்கு யார் மேல் குற்றம் என்று நிரூபிக்கத் தேவையில்லை, நோயாளியோ வீட்டாரோ நேரடியாகச் சொல்லலாம். அதுவரை பழைய அட்டை, கவர், பில், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போடாதீர்கள். மீதமிருக்கும் மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் அம்மாவின் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள், மறுபடி தொடங்கலாமா என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மூட்டு டாக்டர் சொல்லட்டும்.